என் மகனா, அவன் நண்பனா: யாருக்குத் திறமை அதிகம்?

14 வயது ஹாக்கி வீரன் ஒருவனின் அம்மா எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனும் மகனின் நெருங்கிய நண்பனும் 8 வயதிலிருந்து ஒரே அணியில் ஆடுகிறார்கள். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்; நண்பன் ஜனவரியில், மகன் நவம்பரில். நண்பன் 174 செ.மீ. உயரம், ஃபார்வர்டாக ஆடுகிறான், பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோலுக்கு அருகே தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) அடிப்பதும் அவன்தான். மகன் 152 செ.மீ., நடுக்களத்தில் ஆடுகிறான். (அப்பா 172, அம்மா 160 என்று வீட்டாரின் உயரத்தையும் எழுதியிருக்கிறார்.) இந்த சீசனில் நண்பன் 19 கோல், மகன் 4. கணவர் இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். அந்த 19-ல் பாதிக்கு மேல் தன் மகன் கொடுத்த பாஸில் வந்தவை என்பதையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறார், மனத்தாங்கலோடு. சமீபத்தில் ஓர் அகாடமிக்குத் தேர்வு நடந்ததில் நண்பன் தேர்வாகிவிட்டான், மகன் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். "அவன் ரொம்ப மேலே போவான், உங்க பையனும் நல்லாத்தான் ஆடுறான்" என்று கோச் சொன்னாராம்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. விடியற்காலைப் பயிற்சியை அப்பாவே தொடங்கிவிட்டார். அதற்கு நேரம் வேண்டும் என்று மகனின் நீச்சலையும் பேட்மின்டனையும் நிறுத்தியாயிற்று. டிராக் ஃபிளிக் (பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் முறை) சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் தேடுகிறார், அணியையே மாற்றலாமா என்றும் யோசிக்கிறார். நண்பனுக்கு மீசை அரும்பியிருப்பதைக் காட்டி, "வயசைக் குறைச்சுக் காட்டியிருக்காங்க, புகார் கொடுக்கப் போறேன்" என்கிறார். "எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க, நாமளும் செஞ்சிருக்கணும்" என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக மகனுக்கு முட்டிக்குக் கீழே வலி. நண்பனோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டான். ஒருநாள் இரவு, "நான் அவனைவிட மட்டமாம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

அம்மாவின் கேள்வி இதுதான்: "உண்மையைச் சொல்லுங்கள். இவர்கள் இரண்டு பேரில் யாருக்குத் திறமை அதிகம்? யார் மேலே போவார்கள்? என் மகன் இல்லையென்றால் இப்போதே படிப்புப் பக்கம் திருப்பிவிடுகிறோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு மேட்ச்சை வென்று தரக்கூடியவன் நண்பன்தான். அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்துவதில் பயன் இல்லை, உங்கள் மகனுக்கும் அது தெரிந்தேதான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பது ஒரு கேள்வி, 21 வயதில் யார் எங்கே இருப்பார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற அத்தனைக்கும் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு 14 வயதில் யாராலும் பதில் சொல்ல முடியாது, பல ஆண்டு அனுபவமுள்ள கோச்சாலும் முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் இப்போது எடுக்க வேண்டிய எந்த முடிவுக்கும் அந்தப் பதில் தேவையே இல்லை. முட்டி வலி, பயிற்சி நேரம், அணி மாற்றம், வயதுப் புகார், படிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். உங்கள் மகனுக்குப் பெரிய திறமை இருந்தாலும் சரி, சாதாரணத் திறமைதான் என்றாலும் சரி, செய்ய வேண்டியது ஒன்றேதான்.

ஒரே ஆண்டில் பிறந்தால் ஒரே வயதா

நண்பன் ஜனவரி, உங்கள் மகன் நவம்பர். காகிதத்தில் ஒரே வயதுப் பிரிவு, நிஜத்தில் பத்து மாத வித்தியாசம். பெரியவர்களுக்குப் பத்து மாதம் ஒன்றுமே இல்லை. 8 வயதில் அணிக்கு எடுக்கும்போது அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. பெரியவனாகத் தெரிகிற பையனை முதலில் எடுப்பார்கள், அதிக நேரம் ஆட விடுவார்கள், கோச்சின் கவனமும் அவனுக்கே அதிகம் கிடைக்கும், கடைசியில் அதனாலேயே அவன் இன்னும் நன்றாக ஆடத் தொடங்குவான். இதை முதலில் எண்ணிக்கையோடு காட்டியது கனடாவின் ஐஸ் ஹாக்கியில்தான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், மேல்மட்ட இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாக இருந்ததும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததும் தெரிந்தது. அங்கே வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1. அதன் பிறகு எத்தனையோ விளையாட்டுகளில் இதையே கண்டிருக்கிறார்கள்.

பிறந்த மாதத்தைவிடப் பெரிய விஷயம் உடலின் வயது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்கு 12 வயதிலேயே வேக வளர்ச்சி தொடங்கிவிடும், இன்னொருவனுக்கு 15 வரைகூடத் தள்ளிப்போகும். இரண்டுமே ஆரோக்கியம்தான். உங்கள் குடும்பக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்பிள்ளைக்கு அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, அதோடு 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுத்தால் தோராயமான முழு உயரம் கிடைக்கும். 172, 160, 13, மொத்தம் 345. பாதி 172.5. இதில் எட்டுப் பத்து செ.மீ. முன்பின் இருக்கலாம், இது வெறும் மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் இன்று 152-ல் நிற்கும் உங்கள் மகன் தன் முழு உயரத்தில் சுமார் 88 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கிறான். ஆண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் கட்டம் 90 விழுக்காட்டை ஒட்டி வருவது வழக்கம். அவனுக்கு அது இனிமேல்தான். நண்பன் பெரும்பாலும் அதைக் கடந்துவிட்டான். ஒருவன் பரீட்சையை முக்கால்வாசி எழுதி முடித்துவிட்டான், இன்னொருவன் கைக்கு இப்போதுதான் வினாத்தாளே வருகிறது, இந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணவர் மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. "அப்போ நம்ம பையன் வளர்ந்ததும் அவனைத் தாண்டிடுவான்" என்பதும் அதே தவறுதான். தாமதமாக வளர்கிறவன் கட்டாயம் ஜெயிப்பான் என்று எந்த விதியும் இல்லை, முன்கூட்டி வளர்ந்தவன் பின்தங்கிவிடுவான் என்றும் இல்லை. பிறந்த மாதம் ஜாதகம் அல்ல. இந்திய ஆண்கள் அணித் தலைவராக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்த ஹர்மன்பிரீத் சிங் பிறந்தது ஜனவரியில். 14 வயதில் நாட்டின் சீனியர் அணிக்கு ஆடி, 15 வயதில் 2010 உலகக் கோப்பைக்குப் போன ராணி ராம்பால் பிறந்தது டிசம்பரில். மாத வித்தியாசம் எல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு. தனி ஒரு பையனுக்கு அது தீர்ப்பு எழுதாது.

19-ம் 4-ம்

கணவரின் நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாக்கியில் கோல் அடிக்க வேண்டுமென்றால் கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்துக்குள்ளிருந்துதான் அடிக்க வேண்டும், ஆஃப்சைடு கிடையாது, அதாவது தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னாலேயே போய் நிற்கலாம். நீளமான காலும் வேகமும் உள்ள 14 வயது ஃபார்வர்டு வட்டத்துக்குள் முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டால், தன்னைவிட ஒரு தலை குட்டையான தடுப்பாட்டக்காரனால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. பெனால்டி கார்னர் அடிக்கிறவன் என்றால் கோல் எண்ணிக்கை இன்னும் ஏறும். நடுக்களத்தில் ஆடுகிறவனின் வேலையே வேறு. அவனுடைய 4-ஐ இவனுடைய 19-க்குப் பக்கத்தில் வைப்பதே சரியான ஒப்பீடு ஆகாது.

ஆனால் அந்த நோட்டில் உங்கள் கணவர் மனம் நொந்து எழுதிய வரி இருக்கிறதே, பாதிக்கு மேற்பட்ட கோல்கள் மகனின் பாஸில் வந்தவை என்று, உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்காரவைத்த தகவல் அதுதான். உடம்பில் பின்தங்கிய ஒரு பையன், தன்னைவிடப் பெரிய பையன்கள் சூழ்ந்து நிற்கும் நடுக்களத்தில் பந்தை வாங்கி, நண்பன் எங்கே ஓடப்போகிறான் என்று கணித்து, அவன் போய்ச் சேரும் இடத்துக்குப் பந்தை அனுப்புகிறான், அதுவும் ஒரு சீசன் முழுக்க. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் எல்ஃபெரிங்க்-கெம்சர் குழுவினர் இளம் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டதில், மேல்மட்ட இளையோரை அடுத்த மட்டத்தினரிடமிருந்து பிரித்துக் காட்டியவற்றில் முக்கியமானவை மூன்று: பந்து தன்னிடம் இருக்கும்போது என்ன செய்வது என்ற ஆட்ட அறிவு, கற்கும் ஊக்கம், பந்தோடு வளைந்து வளைந்து ஓடும் திறமை. உங்கள் மகனிடம் முதலாவது இருப்பதற்கான அடையாளம் அந்த நோட்டிலேயே இருக்கிறது. அதற்காக அவன் நாட்டுக்கு ஆடுவான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்ட ஒரு காரணமும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கணவருக்கு எழுதுவது பிடிக்கும் என்றால் எழுதட்டும். கோலை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பந்து வருவதற்கு முன்னால் மகன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறானா? முதல் தொடுதலிலேயே பந்து நெருக்கடி இல்லாத பக்கம் போகிறதா, அல்லது காலடியிலேயே நின்றுவிடுகிறதா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி தலையைத் தொங்கப் போடுகிறானா, உடனே துரத்துகிறானா? போன மாதம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ரிவர்ஸ் ஸ்டிக் தடுப்பு (ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்துப் பந்தைத் தடுப்பது) இந்த மாத மேட்ச்சில் வெளிப்படுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் ஒரு பையன் எவ்வளவு வேகமாகக் கற்கிறான் என்பதற்கு உயரத்தோடு பெரிய தொடர்பு இல்லை. இதையெல்லாம் மகனுக்கு மட்டும் எழுதட்டும். பக்கத்தில் நண்பனுக்கு ஒரு கட்டம் வேண்டாம்.

முட்டி வலியும் விடியற்காலைப் பயிற்சியும்

உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான், நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். வேகமாக வளரும் வயதில், முட்டிச்சிப்பிக்குக் கீழே தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் இழுப்பு அதிகமாகி வலியும் சின்ன வீக்கமும் வருவது, நிறைய ஓடிக் குதித்து ஆடும் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காண்பதுதான். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானாகச் சரியாகிவிடும், ஆனால் அதுவரை சுமையைக் குறைக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இருப்பது அதுதானா என்று எலும்பு மருத்துவரோ விளையாட்டு மருத்துவரோ பார்த்துத்தான் சொல்ல முடியும், நான் ஆலோசகர் மட்டுமே. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, நொண்டி நடப்பது, மூட்டே வீங்குவது, காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வலி இருக்கும்போது விடியற்காலைப் பயிற்சி வேண்டவே வேண்டாம். வலி போன பிறகும் அளவு வேண்டும். வாரத்தில் பயிற்சியும் போட்டியும் சேர்த்து எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். 14 வயதுக்கு 14 மணி நேரம். மாலை கிளப் பயிற்சி, வார இறுதி மேட்ச், அதற்கு மேல் அப்பாவின் காலைப் பயிற்சி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது தன் முதன்மை விளையாட்டிலிருந்து விலகியிருப்பது, இவற்றை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. டிராக் ஃபிளிக் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். குனிந்து, முன்காலை அகல வைத்து, இடுப்பைத் திருகி வீசும் அசைவு அது, கீழ்முதுகுக்கும் இடுப்புக்கும் சுமை அதிகம். அசைவைக் கற்றுக்கொள்வது தப்பில்லை, ஆனால் எலும்பு நீண்டுகொண்டிருக்கும் ஒரு பையனை தினமும் நூறு முறை வீசவைப்பது ஆபத்து. நண்பன் செய்கிறான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் இந்த ஆண்டு அதை விட்டுவிடலாம்.

நீச்சலையும் பேட்மின்டனையும் திரும்பத் தொடங்குங்கள், முட்டிக்கு மருத்துவர் ஒத்துக்கொள்ளும் அளவில். ஒரே விளையாட்டில் சீக்கிரம் இறங்கினால்தான் மேலே வரலாம் என்று உங்கள் கணவர் நம்புவது இயல்புதான், பார்ப்பதற்கு அப்படித்தான் தோன்றும். ஜெர்மனியில் ஆர்னே குலிச் என்ற ஆய்வாளர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மன் ஹாக்கி வீரர்களின் இளமைக்காலப் பயிற்சியை அதே நாட்டின் முதல் பிரிவு லீக் வீரர்களோடு ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார். தங்கம் வென்றவர்கள் சிறு வயதில் ஹாக்கியை மற்றவர்களைவிட அதிகமாக ஆடியிருக்கவில்லை, வேறு விளையாட்டுகளில்தான் அதிகம் ஈடுபட்டிருந்தார்கள். பின்னாளில் அவரும் மற்றவர்களும் பல விளையாட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இளையோர் மட்டத்தில் ஜொலித்தவர்களின் பாதையும் பெரியவர்களானதும் உலக மட்டத்தை எட்டியவர்களின் பாதையும் வேறு வேறாகவே இருந்தன. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வென்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று ஆடிவிட்டு, விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிறகே ஹாக்கிக்கு வந்தவர்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். வேக வளர்ச்சி தொடங்கியதும் சில மாதங்கள் அவன் ஆட்டம் இப்போதைவிட மோசமாகத் தெரியலாம். கைகால் நீண்டுவிடும், ஆனால் பந்துக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே இத்தனை நாள் பழகிய தூரம் மாறிப்போகும், எளிய பந்துகூடத் தவறும். ஸ்டிக்கின் நீளத்தையும் மாற்ற வேண்டி வரும். அந்த நேரத்தில் நோட்டைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம்.

வயதுப் புகார்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மீசை, குரல், உயரம் எதுவும் வயதுக்குச் சான்று ஆகாது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனைகூட எலும்பின் முதிர்ச்சியைத்தான் சொல்கிறது, பிறந்த தேதியைச் சொல்வதில்லை. நாள்காட்டி வயதுக்கும் எலும்பு வயதுக்கும் இரண்டு ஆண்டுவரை முன்பின் இருப்பது ஆரோக்கியமான பிள்ளைகளிடமே உண்டு. உண்மையிலேயே 14 வயதான, சீக்கிரம் வளர்ந்த ஒரு பையனைப் பார்த்து "நீ பொய் வயசு" என்று ஊர் பேசினால் அவன் மனது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவனை 8 வயதிலிருந்து உங்களுக்குத் தெரியும், உங்கள் மகனோடு வளர்ந்தவன், அவன் பிறந்தநாளுக்கு நீங்களே போயிருப்பீர்கள்.

ஆவணத்தில் முரண் இருப்பது கையில் ஆதாரத்தோடு தெரிந்தால் மட்டும் போட்டி நடத்துபவர்களிடம் எழுத்தில், ரகசியமாகக் கொடுப்பது உங்கள் உரிமை. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பெற்றோரிடம் பேசுவது அவதூறாகத் திரும்பும், அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயமும்கூட. "நாமளும் செஞ்சிருக்கணும்" என்ற பேச்சை உங்கள் வீட்டில் அடியோடு நிறுத்துங்கள். பிறப்பு ஆவணத்தைத் திருத்துவது குற்றம், பிடிபட்டால் ஆடத் தடை வருவது பையனுக்கு. பிடிபடாவிட்டாலும் பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் என்று ஒரு பொய்யை ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவதும் அவன்தான், செய்த பெரியவர்கள் அல்ல.

அகாடமியும் அணி மாற்றமும்

காத்திருப்போர் பட்டியல் என்பது நிராகரிப்பு இல்லை, அதையே முதலில் மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெற்றோராக அகாடமியிடம் சிலவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு: தேர்வில் எதையெல்லாம் பார்த்தார்கள், உங்கள் மகன் எதில் குறைந்தான், அடுத்த தேர்வு எப்போது, தாமதமாக வளரும் பிள்ளைகளை மறுபடி பார்க்க ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா. முடிந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். நண்பனை ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இன்னொரு குழந்தையின் மதிப்பீடு, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, அவர்கள் சொல்லவும் கூடாது. சில நாடுகளில், சில விளையாட்டுகளில், பிறந்த ஆண்டுக்குப் பதிலாக முழு உயரத்தில் எத்தனை விழுக்காடு வந்திருக்கிறது என்பதை வைத்து அவ்வப்போது அணிகளைப் பிரித்து ஆடவிடுகிறார்கள். அப்படி ஆடும்போது சிறிய பையன்களின் ஆட்டம் வேறு மாதிரி வெளிப்படுகிறது, பெரிய பையன்களும் வேகத்தை மட்டும் நம்ப முடியாமல் யோசித்து ஆடக் கற்கிறார்கள். கோச் கேட்கும் மனமுள்ளவர் என்றால் பயிற்சியில் ஒரு நாள் செய்து பார்க்கச் சொல்லலாம்.

அணி மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆடும் நேரம் கிடைக்கவில்லை, கோச் கற்றுத்தருவதில்லை, அவமானப்படுத்துகிறார், இப்படி ஏதாவது இருந்தால் மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மகன் ஒவ்வொரு மேட்ச்சும் ஆடுகிறான், பிடித்த இடத்தில் ஆடுகிறான். நண்பன் கண்ணில் படக் கூடாது என்பதற்காக மாற்றினால், புது அணியிலும் ஓர் உயரமான பையன் இருப்பான். அப்போது இவனுக்குப் பழகிய நண்பர்களும் இருக்க மாட்டார்கள்.

மகன் கேட்ட கேள்வி

"நான் அவனைவிட மட்டமாம்மா?" என்று கேட்டதற்கு நீங்கள் "இல்லவே இல்லை, நீதான் பெஸ்ட்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அம்மாவும் சொல்வதுதான். ஆனால் 14 வயதுப் பையன் களத்தில் என்ன நடக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிவான், அந்தப் பதிலை அவன் நம்பியிருக்க மாட்டான். மறுபடி பேசுங்கள். இந்த மாதிரி சொல்லலாம்: "இப்போ அவன் உன்னைவிட வேகம், உன்னைவிட பலம், அது உண்மைதான். அவன் உடம்பு முன்னாடி வளர்ந்திருக்கு, உன்னுது இனிமேதான் வளரும், வளர்ந்தப்புறம் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. உன் பாஸ் எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு ஹாக்கி இன்னும் பிடிச்சிருக்கா?" கடைசிக் கேள்விக்கு அவன் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து அவனே வருவான்.

நண்பனோடு பேச்சு குறைந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பையன்கள் தாங்களாகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர்கள் நடத்தும் ஒப்பீடு அவர்கள் நடுவே வந்து நின்றிருக்கிறது. இவன் பாஸ் இல்லாமல் அவனுக்குப் பத்து கோல் குறையும், அவன் ஓட்டம் இல்லாமல் இவன் பார்வைக்கு வேலை இல்லை. ஆட்டமாகப் பார்த்தாலும் இருவரும் ஒருவரை ஒருவர் வளர்க்கிறார்கள். அந்தப் பையனுக்கும் கஷ்டம் உண்டு என்பதை மறக்காதீர்கள்; "ரொம்ப மேலே போவான்" என்று 14 வயதில் எல்லாரும் சொல்லத் தொடங்கிவிட்டால், 17-ல் மற்றவர்களும் வளர்ந்து வந்து நிற்கும்போது ஏற்படுகிற திகைப்பைத் தாங்க அவனுக்கு ஒரு நண்பன் தேவைப்படும். முன்பு போல வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவன் தேர்வானதற்கு உங்கள் கணவரே ஒரு வார்த்தை வாழ்த்துச் சொன்னால், உங்கள் மகன் முதுகிலிருந்து பெரிய பாரம் இறங்கும்.

படிப்பு பற்றிக் கேட்டீர்கள். திறமை இல்லையென்றால் படிப்பு என்று இரண்டையும் எதிரெதிரே வைக்காதீர்கள். ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டிலிருந்து போகும் ஹாக்கி அணியில் 16 பேர். நண்பனாக இருந்தாலும் சரி, உங்கள் மகனாக இருந்தாலும் சரி, படிப்பு ஒழுங்காக நடக்க வேண்டும். அதே போல நாட்டுக்கு ஆடப்போவதில்லை என்பது ஹாக்கியை நிறுத்துவதற்கான காரணமும் ஆகாது. பிடித்திருக்கும்வரை ஆடட்டும்.

இந்த வாரமே மருத்துவரிடம் முட்டியைக் காட்டுங்கள், அவர் சொல்லும்வரை காலைப் பயிற்சி வேண்டாம். அடுத்து அகாடமிக்குக் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், ஒரே சுவரில் மகனின் உயரத்தைக் குறித்து வாருங்கள். வளர்ச்சி எப்போது வேகம் பிடிக்கிறது என்பது அதில் தெரியும், அந்த மாதங்களில் பயிற்சியைக் குறைக்கும்படி கோச்சிடம் நீங்களே சொல்லலாம். உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். விடியற்காலையில் எழுந்து மகனோடு களத்துக்குப் போகும் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி சரியான பிறகு அந்த நேரத்தில் வாரம் ஒரு நாள் இரண்டு பேரும் சும்மா பந்து தட்டி விளையாடட்டும், கணக்கு வைக்காமல்.